பின்னால் போகத் தெரிந்த படகு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. சைக்கிள் ஓட்டும்போது பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கடகடவென்று சத்தம் வரும், கால் சும்மா சுற்றும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் செய்கிற வேலை அது. கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதித்தவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும். அங்கே பின்பக்கமாக மிதித்தால் படகு பின்னால் வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? சைக்கிளில் பின்னால் போக வேண்டிய தேவையே இல்லை. பிரேக் பிடிக்கலாம், காலை ஊன்றலாம், இறங்கித் தள்ளலாம். தண்ணீரில் கால் ஊன்ற இடம் ஏது? படகுக்குத் தனியாக பிரேக்கும் கிடையாது. எதிர்த்திசையில் கொடுக்கும் விசைதான் அதற்கு பிரேக். பின்னால் போகத் தெரியாத படகுக்கு நிற்கவும் தெரியாது.

அமெரிக்காவில் மீன்பிடிக் கயாக் என்று ஒரு வகைப் படகு இருக்கிறது. ஒரே ஆள் உட்காரும் ஒடுக்கமான படகு. இப்போது அதைக் கையால் துடுப்புப் போடாமல் காலால் மிதித்தே ஓட்டுகிறார்கள். கால்மிதியை அதில் பொருத்தியது எளிதாக நடந்தது. அதைப் பின்னால் போகச் செய்வதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கயாக் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் படகு. மரம் முளைக்காத ஊர் அது. கடலில் மிதந்து வரும் கட்டைகளையும் எலும்புகளையும் சட்டமாகக் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். இரண்டு பக்கமும் அலகு வைத்த ஒற்றைத் துடுப்பு. முன்னால் தள்ளினால் ஒரு பக்கம் போகும், பின்னால் தள்ளினால் மறுபக்கம் போகும். பின்னால் போவது எப்படி என்பது அங்கே ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. துடுப்பு பிடித்த கைக்கு அது தானாக வரும்.

சீல் வேட்டையில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஈட்டியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டவில்லை. காற்று ஊதிய ஒரு சீல் தோல் மிதவையில் கட்டினார்கள். குத்துப்பட்ட சீல் மிதவையை இழுத்துக்கொண்டு ஓடிக் களைத்துப் போகும். வேட்டைக்காரர் பின்னாலேயே போய்ப் பிடிப்பார். பெரிய உயிரைச் சின்னப் படகோடு கட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தூண்டில் போடுகிறவருக்கு இந்த வசதி இல்லை. நரம்பின் ஒரு முனை மீன் வாயில், மறுமுனை அவர் கையில். ஒரு கை தூண்டில் கோலைப் பிடித்திருக்க, மறு கை ரீலைச் சுற்றுகிறது. துடுப்புக்கு மூன்றாவது கை வேண்டும்! மீன் சிக்கிய அந்த நொடியில் துடுப்பை மடியில் போட்டுவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் படகு எங்கே போகும் என்பதை மீனும் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்யும்.

ஃப்ளோரிடா கடற்கரையில் அலையாத்திக் காடுகள் நிறைய. அங்கே ஸ்னூக் என்று ஒரு மீன் உண்டு. நம்மூர் கொடுவா சாயலில் இருக்கும். தூண்டிலில் மாட்டியதும் நேராக வேர்களுக்குள் ஓடப் பார்க்கும். உள்ளே போய்விட்டால் வேரில் சுற்றி நரம்பு அறுந்துவிடும். கயாக் எடை குறைந்தது என்பதால் மீன் இழுக்க இழுக்கப் படகும் அதன் பின்னாலேயே காட்டுக்குள் போகும். அந்த நேரத்தில் வேண்டியது வேகம் அல்ல. பத்தடி பின்னால் வர முடிந்தால் போதும், மீன் வெளியே வந்துவிடும்.

இந்த இடத்தில் என் வகுப்பறை நினைவு ஒன்று. நான் 31 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் படகு உதாரணம் இல்லாமல் பாடம் நடத்த முடியாது. துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, தண்ணீர் படகை முன்னால் தள்ளுகிறது என்று எழுதிப்போட்டு முடித்தேன். பின் பெஞ்சில் ஒரு பையன், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, எழுந்து, "சார், முன்னால போறதுக்கு மட்டும்தான் படம் போட்டிருக்கு. கரைக்கு வரும்போது பின்னால அலை தூக்கும். அப்ப எதிர்த்தண்டு போடலேன்னா படகு கவுந்துரும் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டுச் சோறு அதில் இருக்கிறது. அன்றிலிருந்து கரும்பலகையில் இரண்டு அம்புக்குறிகள் போட்டுத்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

காலால் மிதித்துப் படகு ஓட்டுவது புதிய யோசனை அல்ல. சீனாவில் எட்டாம் நூற்றாண்டிலேயே, டாங் அரசர்கள் காலத்தில், ஆட்கள் மிதித்துச் சுழற்றும் சக்கரங்கள் வைத்த போர்ப் படகுகள் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டோங்டிங் ஏரியில் யாங் யாவ் என்ற கலகத் தலைவனிடம் இப்படிப்பட்ட சக்கரக் கப்பல்கள் ஒரு படையாகவே இருந்தன. 1135ல் அவனை அடக்க வந்த தளபதி யுவே ஃபெய் என்ன செய்தார் தெரியுமா? ஏரியில் மரக்கட்டைகளையும் செடிகொடிகளையும் மிதக்கவிட்டார். அவை சக்கரத்தில் சிக்கின. சுற்ற முடியாமல் கப்பல்கள் நின்றன. படகுக்கு அடியில் எதையாவது சுழலவிட்டால் களை வந்து சுற்றிக்கொள்ளும் என்ற தொல்லை அவ்வளவு பழையது. இன்றைய கயாக்காரர்களும் அதையேதான் சொல்லிப் புலம்புகிறார்கள்.

அடுத்தது அமெரிக்க சுதந்திரப் போர். கனெக்டிகட்டைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல், யேல் கல்லூரியில் படித்தவர், 'டர்ட்டில்' என்று ஒரு நீர்மூழ்கிப் படகைச் செய்தார். ஆமை ஓடுகள் இரண்டை ஒட்டியது போன்ற மரக்கூண்டு. உள்ளே ஒரே ஆள். அரைமணி நேரத்துக்கு மட்டும் காற்று இருக்கும். 1776 செப்டம்பரில் ஒரு இரவு, எஸ்ரா லீ என்ற சார்ஜண்ட் இதற்குள் உட்கார்ந்து, நியூயார்க் துறைமுகத்தில் நின்றிருந்த 'ஈகிள்' என்ற பிரிட்டிஷ் கப்பலின் அடியில் வெடிகுண்டு பொருத்தப் போனார். துளைக்கருவி கப்பலின் அடியில் ஏறவில்லை. வேறு இடத்தில் முயல நகர்ந்தபோது கப்பலை விட்டு விலகிப் போய்விட்டார். முயற்சி தோற்றது, ஆள் உயிரோடு திரும்பினார்.

நமக்கு வேண்டிய செய்தி இதற்குப் பிறகு வருகிறது. 1787ல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் புஷ்னெல் தன் படகின் அமைப்பை விளக்குகிறார். திருகாணி வடிவில் ஒரு துடுப்பு, ஒரு பக்கம் சுற்றினால் படகு முன்னால் போகும், மறுபக்கம் சுற்றினால் பின்னால் போகும், கையாலும் சுற்றலாம், காலாலும் சுற்றலாம் என்று எழுதுகிறார். காலால் ஓடக்கூடியது, ப்ரொப்பெல்லர் வைத்தது, பின்னாலும் போவது. மூன்றும் ஒரே இயந்திரத்தில், 240 ஆண்டுகளுக்கும் முன்னால்! ஏன் அவர் இதில் இவ்வளவு கவனம் வைத்தார்? எதிரிக் கப்பலின் அடியில் போய் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நிற்க வேண்டுமானால் பின்னாலும் போகத் தெரிய வேண்டும்.

நீராவிக் காலம் வந்ததும் மனித காலுக்கு வேலை போயிற்று. லண்டனில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836ல் ப்ரொப்பெல்லருக்குக் காப்புரிமை எடுத்தார். 1845ல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு கயிறு இழுக்கும் போட்டியே நடத்தியது. ப்ரொப்பெல்லர் கப்பல் 'ராட்லர்' ஒரு முனையில், பக்கச் சக்கரக் கப்பல் 'அலெக்டோ' மறுமுனையில். இரண்டும் முழு விசையோடு எதிரெதிர்த் திசையில் இழுத்தன. 'அலெக்டோ' தன் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக இழுபட்டுப் போயிற்று. அதோடு ப்ரொப்பெல்லரின் பெருமை ஊர்ஜிதமானது. நீராவி எஞ்சினையே எதிர்ப்பக்கம் ஓடவிட்டுக் கப்பலைப் பின்னால் கொண்டுவரவும் கற்றுக்கொண்டார்கள்.

கால்மிதிக்கு மறுவாழ்வு கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில். அப்போது எல்லாருக்கும் வேகத்தின் மீதுதான் கண். 1991 அக்டோபரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மார்க் ட்ரெலா, 'டெகாவிடேட்டர்' என்ற மிதிபடகைப் பாஸ்டன் நகரின் சார்லஸ் ஆற்றில் 18.5 நாட் வேகத்தில் ஓட்டினார். மணிக்கு 34 கிலோமீட்டருக்கு மேல், வெறும் மனித காலின் பலத்தில்! நீரின் மேல் எழும்பிப் பறப்பது போல ஓடும் படகு அது. மகத்தான சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதில் உட்கார்ந்து தூண்டில் போட முடியாது.

தூண்டில்காரருக்கான கால்மிதி 1997ல் வந்தது. கலிஃபோர்னியாவின் ஓஷன்சைட் ஊரில் இருந்த 'ஹோபி கேட்' நிறுவனம் 'மிராஜ் டிரைவ்' என்ற அமைப்பை வெளியிட்டது. இந்தப் பெயரில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 'கேட்' என்றால் பூனை அல்ல, 'கேட்டமரான்' என்பதன் சுருக்கம். அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697ல் வெளிவந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்பாடு அந்தப் பெயரை இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு வைத்துவிட்டார்கள். உண்மையில் கட்டுமரம் வேறு, இரட்டை உடல் படகு வேறு. கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது நம்முடையது. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு இணைப்பது பசிபிக் தீவுக்காரர்கள் வழி. பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது.

மிராஜ் டிரைவை வடிவமைத்தவர் கிரெக் கெட்டர்மன். நீர்மேல் எழும்பி ஓடும் அதிவேகப் பாய்மரப் படகுகளைச் செய்தவர். அவர் ப்ரொப்பெல்லரைத் தொடவில்லை. பென்குவின் பறவை நீருக்குள் சிறகடிப்பதைப் போல, படகுக்கு அடியில் இரண்டு செட்டைகளைத் தொங்கவிட்டார். (பாடப்புத்தகத்தில் மீனின் செட்டையையும் 'துடுப்பு' என்றே எழுதுகிறோம். குழப்பம் வராமலிருக்க இங்கே செட்டை என்றே சொல்கிறேன்.)

அது வேலை செய்யும் விதம் அழகானது. இதில் பெடல் வட்டமாகச் சுற்றாது. படி ஏறுவது போல இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தச் செட்டைகள் பக்கவாட்டில் இடமும் வலமுமாக வீசும். செட்டையின் முன்விளிம்பில் கம்பி, மீதியெல்லாம் வளையும் ரப்பர் போன்ற பொருள். இடப்பக்கம் வீசும்போது பின்விளிம்பு தண்ணீரின் எதிர்ப்பில் வளைந்து பின்தங்கும், தண்ணீரைப் பின்னால் தள்ளும். வலப்பக்கம் வீசும்போது மறுபக்கம் வளையும், அப்போதும் தண்ணீரைப் பின்னால்தான் தள்ளும். இரண்டு வீச்சிலும் படகு முன்னால் போகிறது. எந்த வீச்சும் வீணில்லை. ஆழம் குறைந்த இடத்தில் ஒரு பெடலை முழுக்க அழுத்தினால் செட்டைகள் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். தரை தட்டாது.

சிக்கலும் அந்த அழகுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பக்கம் வீசினாலும் முன்னால்தான் போகும் என்றால், பின்னால் போக எந்தப் பக்கம் வீசுவது? எந்தக் காலை முதலில் அழுத்தினாலும், எப்படி மிதித்தாலும் படகு முன்னால் மட்டுமே போகும். பின்னால் போக வேண்டுமானால், டிரைவைப் படகின் நடுத்துளையிலிருந்து தூக்கியெடுத்து, திருப்பி வைத்து, மறுபடி மிதிக்க வேண்டும். மீன் வேருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா? பக்கத்தில் செருகியிருக்கும் துடுப்பைத்தான் எடுக்க வேண்டும். எந்தக் கையை விடுவிக்க இவ்வளவும் செய்தார்களோ அந்தக் கைக்கே வேலை திரும்பி வந்தது.

இயற்கையிலும் இந்தக் கணக்கு உண்டு. மீனின் வால் முன்னால் தள்ளத்தான் அமைந்தது. பின்னால் வர வேண்டுமானால் பல மீன்கள் பக்கச் செட்டைகளை மெதுவாக அசைத்துத்தான் வரும். விலாங்கு விதிவிலக்கு. உடம்பில் ஓடும் அலையையே திசை திருப்பிவிட்டு, வால் முன்னே போகப் பின்பக்கமாக நீந்தும். ஹோபி நிறுவனத்துக்கு வேண்டியது அந்த விலாங்கின் வித்தை.

இதற்கிடையில் மற்ற நிறுவனங்கள் ப்ரொப்பெல்லர் பக்கம் போயின. வட கரோலினாவின் 'நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட்' இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் 'ப்ரொப்பெல்' என்ற மிதியமைப்பைக் கொண்டுவந்தது. மெயின் மாநிலத்தின் பழைய படகு நிறுவனமான 'ஓல்ட் டவுன்' பிறகு 'பி.டி.எல்.' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இவற்றில் சைக்கிள் போல வட்டமாக மிதிக்க வேண்டும். பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் கீழே ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும். பி.டி.எல். அமைப்பில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் 10.3 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் கீழே 618 சுற்று. முக்கியமான விஷயம், இதில் ஃப்ரீவீல் கிடையாது. பின்னால் மிதித்தால் ப்ரொப்பெல்லரும் பின்னால் சுற்றும், படகு பின்னால் வரும். எந்தப் பொத்தானும் வேண்டாம், எதையும் தூக்க வேண்டாம். புஷ்னெல் எழுதிய அதே ஏற்பாடு!

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. ப்ரொப்பெல்லர் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பதால் ஆழம் வேண்டும். யுவே ஃபெய்யின் களை இங்கேயும் வந்து சுற்றும். முன்னால் தள்ளுவதற்காக வளைத்த அலகு பின்னால் சுற்றும்போது அவ்வளவு திறமாகத் தள்ளாது. சுக்கான் பின்முனையில் இருப்பதால் பின்னால் போகும்போது படகைத் திருப்புவதும் புதிதாகப் பழக வேண்டிய வேலை. இருந்தாலும் தூண்டில்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பத்தடி பின்னால் வருவதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

ஹோபி இதற்குக் கொடுத்த பதில் 2017 மாடல் படகுகளோடு வந்த 'மிராஜ் டிரைவ் 180'. காலுக்கு அருகே இரண்டு கயிற்றுப்பிடிகள். ஒன்றை இழுத்தால் அடியிலிருக்கும் செட்டைகள் இரண்டும் தம் அச்சில் அரைவட்டம் திரும்பி, முன்விளிம்பு பின்னால் போய்விடும். கால் அதே மிதியை மிதிக்கும், படகு மட்டும் பின்னால் வரும். மறு பிடியை இழுத்தால் பழையபடி முன்னால். 1997லிருந்து எண்ணினால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பிறகு 2020 மாடலில் '360' என்ற வடிவம் வந்தது. அதில் செட்டைத் தொகுதியே முழு வட்டமும் திரும்பும். படகு பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரும்.

இந்த வரலாற்றில் என் மனதில் தைத்தது ஒன்று. நாம் கண்டுபிடிப்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், யார் முதல் என்றுதான் சொல்கிறோம். தேர்விலும் அதையே கேட்கிறோம். டெகாவிடேட்டரின் 18.5 நாட் எண்ணாகப் பதிவாகிவிடும். நின்றது, விலகியது, பத்தடி பின்வாங்கியது ஆகியவற்றுக்கு எண் இல்லை, கோப்பையும் இல்லை. சாதாரண மனிதர் ஒருவர் தொடர்ந்து மிதித்தால் தரக்கூடிய ஆற்றல் சுமார் 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. அந்த 100 வாட்டை வைத்துக்கொண்டு காற்றோடும் நீரோட்டத்தோடும் மீனோடும் போராடுகிறவருக்கு, அதை எந்தத் திசையில் செலவழிக்கிறோம் என்பது தன் கையில் இருக்க வேண்டும். தோளில் அடிபட்டுத் துடுப்புப் போட முடியாதவருக்கு இது இன்னும் முக்கியம். காலை மட்டும் நம்பிக் கடலுக்குள் போகிற அவருக்குத் திரும்பி வரும் வழியும் காலிலேயே இருந்தாக வேண்டும்.

ஆசிரியராக இருக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த இயந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாலும், அது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, எப்படி நிற்கிறது, எப்படித் திரும்பி வருகிறது என்றும் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

கடலோர ஊர் நண்பர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். படகைப் பின்னால் கொண்டுவரத் துடுப்பு போடுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல் சொல்வீர்கள்? நாகைப் பக்கம் ஒன்று, குமரிப் பக்கம் ஒன்று, யாழ்ப்பாணத்தில் வேறொன்று இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். தொகுத்துத் தனிப் பதிவாகப் போடுகிறேன்.